ஓடைக்கு அக்கரையில் பத்து வீடு

மந்தின் ஊரில் என் மகள் வீடு, தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் கடைசி வீடு. போன மாதம் அங்கே பத்து நாள் தங்கலாம் என்று போயிருந்தேன். காரை விட்டு இறங்கியதுமே நாற்றத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வாசலில் குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிறது. அதன்மேல் நாலைந்து பிளாஸ்டிக் பைகள். மீன் தலை, டுரியான் தோல், பிள்ளைகளின் பழைய பம்பர்ஸ் எல்லாம் வெயிலில் வெந்துகொண்டிருந்தன. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். இரண்டு வாரமாம். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தோடு ஒரு குப்பைக் காண்டிராக்டரின் பகுதி முடிகிறதாம். சந்துக்கு அப்பால் வேறொருவர் பகுதியாம். இந்த லாரிக்காரர், தொட்டி அந்தப் பக்கம் நிற்கிறது என்கிறார். அந்த லாரிக்காரர், வீடு இந்தப் பக்கம் இருக்கிறது என்கிறார். வரி கட்டச் சொல்லும் கடிதம் மட்டும் நாள் தவறாமல் வருகிறதாம்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ தெரியவில்லை. மறுநாள் காலையில் லாரி வந்த சத்தம் கேட்டதும், நைட்டியோடு தெருவில் இறங்கி லாரியின் முன்னால் நின்றுவிட்டேன். கைத்தடியால் முன்கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே இருந்தவன் வங்காளதேசத்துப் பையன், பாவம், நான் பேசிய தமிழில் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. முகத்தைப் பார்த்தே பயந்துபோய்த் தொட்டியைத் தூக்கிக் கொட்டிவிட்டுப் போனான். எதிர்வீட்டுச் சீனர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மகளுக்கு அவமானம் தாங்கவில்லை.

"குப்பைக்குப் போயி ஏம்மா இந்தக் கத்து கத்துற? மானம் போவுது லா."

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் ஒரு நாள் பிடிக்கும், அவளுக்கு வேலைக்குப் போகிற நேரம். உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்குத்தான் பொறுமை உண்டு.

எங்கள் தோட்டம் சிரம்பான் பக்கம் இருந்தது. துரைமார் வைத்த இங்கிலீஷ் பேர் எங்கள் யார் வாயிலும் நுழையாது. எந்தக் காலத்திலோ ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் ஸ்டோர் தீப்பிடித்ததால், எல்லாருக்கும் அது எரிஞ்ச ஸ்டோர் தோட்டம். ஸ்டோரை மறுபடி கட்டி இருபது வருஷமாகியும் பேர் மாறவில்லை. தோட்டத்தின் நடுவே ஓர் ஓடை. மழையில்லாத நாளில் முட்டியளவுதான் தண்ணீர். ஆபீஸ், ஸ்டோர், துரை பங்களா, பெரிய லயங்கள் எல்லாம் இக்கரையில். அக்கரையில் பத்தே வீடு கொண்ட ஒரு லயம். இக்கரையில் இடம் போதாமல் ஏதோ ஒரு துரை அங்கே கட்டிப்போட்டது. இரண்டு தென்னை மரத்தைப் பிளந்து போட்ட பாலம்தான் எங்களுக்குச் சாலை. அந்தப் பத்து வீட்டில் ஒன்றில் அப்பாவும் அண்ணன் மாரிமுத்துவும் நானும் இருந்தோம். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். எனக்கு அப்போது வயது பதினேழு, பால்மரம் வெட்டினேன். நாலாம் வகுப்பு வரை தோட்டத்துப் பள்ளியில் படித்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த ஓடை இரண்டு மாவட்டங்களுக்கு எல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. துணி துவைக்கிற இடம், குழந்தைகள் மீன் பிடிக்கிற இடம், அவ்வளவுதான். இங்கிலீஷ்காரன் காலத்தில் அது காகிதத்தில் ஒரு புள்ளிக்கோடாக இருந்திருக்கும். துரைக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

சப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார். பங்களாவில் வேறு ஆள் வந்து உட்கார்ந்தார். பாதி மரங்களைச் சாய்த்து மரவள்ளி போடச் சொன்னார்கள், மீதியில் பால் வெட்டினோம். கொஞ்ச நாளில் துணி கிடைக்காமல் போய், அரிசிக் கோணியை அறுத்துப் பாவாடை தைத்துக் கட்டிக்கொண்டேன். அரிசி இல்லாத ஊரில் அரிசிக் கோணிக்கு மட்டும் பஞ்சமில்லை. அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் தொடையெல்லாம் அரிக்கும். மரவள்ளியை வேகவைத்து, சுட்டு, மாவாக்கி, கஞ்சியாக்கி, இலையைக்கூட விடாமல் தின்றோம். சொன்னால் சிரிப்பீர்கள், இன்றைக்கும் மரவள்ளி என்றால் எனக்கு உயிர். அந்தக் கிழங்கின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என் கோபமெல்லாம் வேறு.

ஒருநாள் பாலத்தின் நடுவில் யாரோ சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிக் காவல்கூண்டு. ஒரு மாவட்டத்து அரிசி அடுத்த மாவட்டத்துக்குப் போகக்கூடாதாம், அதற்குக் காவல். காவலுக்கு நின்றவர் அந்தோணி. கெமாஸ் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்தவரின் மகன், கழுத்தில் ஜெபமாலை போட்டிருப்பார், என் அண்ணனைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரைப் பிடித்துவந்து கையில் ஒரு தடியைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். இனி பாலத்தைத் தாண்ட எங்களுக்குச் சீட்டு வேண்டும். காலையில் வேலைக்குப் போக, சூரியன் உச்சிக்கு வந்ததும் திரும்ப. வேறு நேரத்தில் தாண்டக்கூடாது. சப்பான்காரன் கூண்டருகே நின்றால் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு பக்கமும் பால் வாளி, இடுப்பில் கோணி. இந்தக் கோலத்தில் குனிந்து பாருங்கள். நான் ஒருமுறை குனிந்தபோது வாளி அவன் பூட்ஸ்மேல் இடித்து, கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. வாளி தவறி ஓடையில் விழாமல் பிடித்துக்கொண்டேன் என்று அதற்கும் ஒரு பெருமை எனக்கு.

அப்புறம் ஆள் கணக்கு எடுக்க வந்தார்கள். தவறு நடந்தது அங்கேதான். எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். தோட்டத்தில் எங்களுக்கு விலாசம் என்று ஒன்று கிடையாது. விடியும் முன்னால் ஆபீஸ் களத்தில் எல்லாரும் கூடி நிற்போம், கங்காணி பேர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பேர். எந்தக் கங்காணி உன் பேரைக் கூப்பிடுகிறாரோ, அவர் பெரட்டுதான் உன் ஊர், தெரு, கதவு எண் எல்லாம். எங்கள் தாத்தாவைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தது பெருமாள் கங்காணியின் அப்பா. அதனால் நாங்கள் பெருமாள் கங்காணி பெரட்டு. பெண் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான் விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டாலும் அதைத்தான் சொல்வோம். எந்தக் கூரையின் கீழே படுத்தெழுகிறோம் என்பதை ஒருவரும் கேட்டதில்லை.

பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் வேண்டுமென்றார்கள். வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தவர் அப்பா. அவர் கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார்கள். அதில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. அப்பா அதைத் தன் வேட்டியைவிடப் பத்திரமாகத் துவைத்துக் காயப்போடுவார். என்ன எழுதியிருக்கிறதென்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. முட்டாள் என்று எழுதியிருந்தாலும் கட்டிக்கொண்டுதான் போயிருப்பார். இக்கரை மாவட்டத்து ஆள் காலையில் களத்துக்கு வந்து, இந்தப் பத்து வீட்டுக்காரர்கள் எங்கே சேர்ந்தவர்கள் என்று கேட்டபோது, அப்பா தலைவர் என்ற முறையில் நிமிர்ந்து நின்று, பெருமாள் கங்காணி பெரட்டு என்றார். உண்மை. அதே வாரம் அக்கரை மாவட்டத்து ஆள் லயத்துக்கு வந்து, கதவுகளில் தாரால் எண் போட்டு, இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். நாங்கள்தான் என்றார் அப்பா. அதுவும் உண்மை. இரண்டு உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கிழங்கு சாப்பிட்டார்.

அரிசிச் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம்தான், அதிலும் பாதி சுண்ணாம்பு கலந்த அரிசி. ஆனாலும் அரிசி. இக்கரை லயங்களுக்குக் கிடைத்தது, பக்கத்துத் தோட்டங்களுக்குக் கிடைத்தது. எங்கள் பத்து வீட்டுக்கு வரவில்லை. அப்பாவும் நானும் இக்கரை மாவட்டத்து ஆபீசுக்கு நடந்தோம். அங்கே இருந்த தமிழர் மரியாதையாகத்தான் பேசினார். எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கரையில் என்றோம். அப்படியென்றால் அந்த மாவட்டத்தில்தான் அரிசி, இங்கே கொடுத்தால் தன் வேலை போய்விடும் என்றார். இரண்டு நாள் கழித்து மற்ற ஆபீசுக்கு நடந்தோம். அது இன்னும் தூரம். அங்கே ஒரு வழுக்கைத்தலை எழுத்தர், அவரும் நம் ஆள்தான். கறுப்பு அட்டைப் புத்தகத்தைப் புரட்டி, எங்கள் பேரெல்லாம் அந்தப் பக்கத்துப் பெரட்டில் இருப்பதாகச் சொன்னார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு எடத்துல அரிசி கேக்குறீங்களா? பிடிச்சுக் குடுத்துருவேன்."

"ஒரு எடத்துல குடுங்க சார், போதும்" என்றேன்.

அப்பா என் காலை மிதித்தார். வெளியே வந்ததும், உன் வாயால்தான் எனக்கு ஒருநாள் உதை விழப்போகிறது என்றார். வீட்டுக்கு வந்து கைத்துணியைத் துவைத்துக் காயப்போட்டார்.

எத்தனை மாதம் அப்படி ஓடியது என்று சரியாக நினைவில்லை. கதவு எண் ஏழில் ஒரு குழந்தை வயிறு வீங்கிச் செத்தது. இரண்டு பக்கத்திலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நான் மட்டும் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சுண்ணாம்புக்கோட்டைக் காலால் தேய்த்துவிட்டுப் போவேன். அந்தோணி பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். மறுநாள் அவரே மறுபடி கோடு போட்டிருப்பார். ஒருநாள், தங்கச்சி, சுண்ணாம்பு தீர்ந்துபோச்சுன்னா எனக்குத்தான் அடி என்றார். அதன்பிறகு தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. உங்களுக்கு அதைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லாக் குடும்பத்திலும் அங்கே போய்த் திரும்பாத ஒருவரின் கதை இருக்கும். இக்கரை மாவட்டம் பெரட்டு வாரியாக ஆள் கேட்டது. மூன்று மாதம்தான், சோறும் துணியும் உண்டு என்று சொன்னார்கள். பெருமாள் கங்காணி பெரட்டில் கல்யாணமாகாதவர்களின் பேரைக் களத்தில் கூப்பிட்டார்கள். அரிசிக்குக் கூப்பிடாத அதே பேரை. மாரிமுத்து அண்ணன் ஒளியவில்லை, ஓடவில்லை. போகிற அன்று என்னிடம், அங்க தெனம் சோறு போடுவாங்களாம் என்றான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்களுக்குச் சேரவேண்டிய அரிசியைக் கொடுத்திருந்தால் அவன் அப்படிச் சிரித்துக்கொண்டு போயிருக்க மாட்டான்.

மழைக்காலம் போனது. மூன்று மாதம் தாண்டியது. அண்ணன் வரவில்லை. அக்கரை மாவட்டத்து ஆள் லயத்துக்கு வந்தார். கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே போனார். இந்தப் பத்து வீட்டிலிருந்து சயாமுக்கு இன்னும் ஒருவர்கூடப் போகவில்லை, ஒரு ஆள் தர வேண்டும், ஆளைத் தேர்ந்து நிறுத்துவது தலைவர் பொறுப்பு என்றார். அப்பா, எங்கள் வீட்டுப் பிள்ளையே போயிருக்கிறான், இன்னும் இரண்டு வீட்டிலும் போயிருக்கிறார்கள் என்றார். அதெல்லாம் பெரட்டுக் கணக்கு, இது வீட்டுக் கணக்கு என்றார் வந்தவர்.

வேறு யாரைக் கொடுப்பது? இரண்டு வீட்டில் மலேரியாவில் படுக்கை. ஒரு வீட்டில் கண் தெரியாத பெரியவர். மூன்று வீட்டில் பெண்கள் மட்டும். கை கால் நன்றாக இருந்த ஒருவன் பாப்பம்மாவின் புருஷன், அவளுக்குப் பிள்ளை பிறந்து பதினாறு நாள். அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், முதுகு வளைய ஆரம்பித்திருந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நாலாம் வகுப்பு படித்தவள் அல்லவா! தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் ஒரு கடிதம் வாங்கிக் காட்டிவிட்டால் முடிந்தது என்றேன். கிராணி தன் நிழலைப் பார்த்தே பயப்படுகிற மனிதர். ஆனாலும் நான் விடாமல் நின்றதால், அழகான கையெழுத்தில் எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார். இன்ன தோட்டம், பெருமாள் கங்காணி பெரட்டு, சடையன் மகன் மாரிமுத்து சயாம் வேலைக்கு அனுப்பப்பட்டான் என்று. சடையன் எங்கள் அப்பா. அந்தக் காகிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தேன். அப்பா பின்னால் வந்தார். வழுக்கைத்தலை எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. அவன் தோட்டத்துக் கணக்குல போன ஆளுன்னு நீங்களே எழுதிக் கொண்டாந்துட்டீங்க. அப்ப இந்தப் பத்து வீட்டுக்கு ஆள் பாக்கி."

கடிதத்தை வாங்கிக் கோப்பில் குத்திவைத்துக்கொண்டார். நாளை மறுநாள் லாரி வரும், ஆளைத் தயாராக நிறுத்துங்கள் என்றார். நான் அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுதமுடியாது, பேத்தி இதைத் தட்டச்சு செய்கிறாள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கடிதம் என் யோசனை. பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவர்கள் மறந்திருப்பார்களோ, அண்ணன் பேரைச் சொல்லி இழுத்தடித்திருக்கலாமோ என்று எனக்குள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லார் மேலும் கோபப்படுகிற எனக்கு என் மேலேயே இருக்கிற கோபம் இது.

நாளை மறுநாள் என்று சொன்ன லாரி, மறுநாளே வந்துவிட்டது.

நான் இக்கரையில் இருந்தேன். மரம் வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்து பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரிப்புகையில் ஓடுகிற லாரியின் இரைச்சல் அக்கரையில் கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். பாலத்துக்கு வந்தபோது அக்கரைச் சாலையில் லாரி நிற்கிறது. மேலே பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் வேறு இடங்களிலிருந்து ஏற்றப்பட்டவர்கள். முன்னால் துப்பாக்கியோடு ஒரு சப்பான்காரன் உட்கார்ந்து பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா லயத்திலிருந்து தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு துணிமூட்டை.

அந்தோணி தடியைக் குறுக்கே வைத்தார். சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை.

"தங்கச்சி, நேரம் ஆவல. அவன் பாத்துக்கிட்டு இருக்கான். வுட்டன்னா என்னையும் ஏத்திருவான்."

அவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஓடையில் முட்டியளவு தண்ணீர், இறங்கி நடந்திருக்கலாம். நீங்கள் கேட்பீர்கள், ஏன் போகவில்லை என்று. அதற்கு முந்தின மாதம் அப்படி இறங்கிய ஒரு பெண்ணை எல்லார் முன்னிலையிலும் அடித்து, அவள் பெரட்டையே வெயிலில் முட்டிபோட வைத்தார்கள். அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் என் கால் நகரவில்லை.

லாரியில் ஏறுவதற்கு முன் அப்பா கையில் கட்டியிருந்த தலைவர் துணியை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்த தலைவருக்கு வேண்டுமாம். மேலே ஏறி நின்றதும் அப்பா என்னைப் பார்த்துவிட்டார். ஓடையைத் தாண்டிக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"பாலு ஒறைஞ்சிரும். போயி ஊத்து."

லாரி போய்விட்டது. நான் திரும்பிப் போய்ப் பாலை ஊற்றினேன். பாதி உறைந்துபோயிருந்தது. அதற்காக அன்றைக்கு என்னைத் திட்டினார்கள்.

ஊருக்காக, பாப்பம்மாவின் பிள்ளைக்காக அப்பா தன்னையே கொடுத்தார் என்று பின்னாளில் கோயில் திருவிழா மேடையில் ஒருவர் பேசினார். தியாகி என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் தன்னைக் கொடுக்கவில்லை. அவரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டை அரிசிக்கு இரண்டு பக்கமும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு இரண்டு பக்கமும் உண்டு என்றார்கள். அதற்கு மாலை போட்டு மேளம் வாசிக்கச் சொன்னால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

சண்டை முடிந்தது. அண்ணன் வந்தான். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு காலில் ஆறாத புண், கண்ணெல்லாம் மஞ்சள். அப்பாவைப் பார்த்தாயா என்று கேட்டேன். அப்பா வந்தாரா என்று அவன் திருப்பிக் கேட்டான். அதுவரை அவனுக்குத் தெரியாது. காட்டில் ஆட்களை மாவட்ட வாரியாகத்தான் பிரித்து வைத்திருந்தார்களாம். இவன் ஒரு மாவட்டம், அப்பா ஒரு மாவட்டம். ஒரே கூரையின் கீழே படுத்தெழுந்த இரண்டு பேர். பக்கத்து முகாமிலேயே இருந்திருப்பாரோ என்னவோ என்று அண்ணன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

திரும்பாதவர்களின் பேரைப் பதியச் சொன்னார்கள். நானும் அண்ணனும் போனோம். இக்கரை ஆபீசில், சடையன் அவர்கள் அனுப்பிய ஆள் இல்லை என்றார்கள். அக்கரை ஆபீசுக்குப் போனோம். கொடி மாறியிருந்தது, மேசைக்குப் பின்னால் அதே வழுக்கைத்தலை எழுத்தர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அரிசிச் சீட்டுப் பட்டியலில் பேர் இருந்தால்தான் இந்த மாவட்டத்து ஆள் என்று எழுதமுடியும் என்றார். அரிசியே கொடுக்கவில்லையே, பேர் எப்படி இருக்கும்? அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவனுக்கு நிற்க முடியவில்லை. அவனைப் பார்த்து எழுத்தருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். உள்ளே போய்ப் பழைய கறுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துவந்து, சயாம் ஆள் கணக்குப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். லயம், வீடு பத்து, ஆள் ஒன்று என்று இருந்தது. பேர் எங்கே என்று கேட்டேன்.

"அப்ப பேரு கேக்கல" என்றார்.

அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான். அந்த முறை நான் யாரையும் திட்டவில்லை.

அப்புறம் எனக்குக் கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைகள், வேலை, ஒவ்வொன்றாக வந்தது. எரிஞ்ச ஸ்டோர் தோட்டத்தை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணன் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டான். அப்போது எனக்கு அறுபது இருக்கும். பால்மரம் ஒன்றுகூட இல்லை. செம்மண்ணைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பெரட்டுக் களம் எங்கே, ஸ்டோர் எங்கே என்று இரண்டு பேரும் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டோம். ஓடையைப் பெரிய சிமெண்டுக் குழாய்க்குள் விட்டு மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். லயம் நின்ற இடத்தில் மண் தள்ளும் இயந்திரம் நின்றது. முக்காலிபோல ஒன்றை நட்டு அதன்மேல் இருந்த கருவிக்குள் ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டு ஒரு இளைஞர் நின்றார். நிலம் அளக்கிற வேலை. தமிழர். எங்களைப் பார்த்ததும், வெயிலில் நிற்காதீர்கள் என்று குடைக்கு அடியில் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். நல்ல பையன்.

அவர் மேசைமேல் பெரிய வரைபடம் விரித்து வைத்திருந்தார். மாவட்ட எல்லை எங்கே என்று கேட்டேன். தூரத்தில் இருந்த மலையைக் காட்டினார். இல்லை தம்பி, இந்த ஓடைதான் எல்லை என்றேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார், பிறகு வேறொரு பழைய தாளை எடுத்துப் பார்த்தார். ஆமாம், ஒரு காலத்தில் இங்கேதான் இருந்திருக்கிறது, சண்டை முடிந்த கொஞ்ச நாளில் மலைப்பக்கம் தள்ளிவிட்டார்கள், தோட்டம் இரண்டாகப் பிரிந்து கிடப்பதால் ஜனங்களுக்குச் சிரமமாக இருந்திருக்கும் என்றார்.

அண்ணன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு தூரம் எல்லையை மாற்ற ரொம்ப நாள் பிடித்திருக்குமா என்று கேட்டான்.

"அதுக்கென்ன அங்கிள், ஒரு மீட்டிங்தான் லா."